கையளவு டாங்கியும் கண்ணெதிரே கோட்டையும்

பெருநாள் விடுமுறையில் என் தமக்கை மகன், சிங்கப்பூரிலிருக்கும் தன் அத்தா அனுப்பிய ஒரு சிறு பெட்டியை என் முன் வைத்தான். உள்ளே பழுப்பு நிறத்தில் சில துண்டுகள். செப்பனிட்டு ஒட்டினால் இரண்டாம் உலகப்போரில் பிரிட்டன் பயன்படுத்திய 'மட்டில்டா' டாங்கி ஆகுமாம். "மாமா, இது வந்திருந்தால் நம் செஞ்சிக் கோட்டையை உடைத்திருக்குமா?" என்று கேட்டான். இராஜகிரியின் நிழலில் வளரும் பிள்ளை வேறெதைக் கேட்பான்!

பெரிய நிறுவனங்கள் எஃகு அச்சுக்குள் பிளாஸ்டிக்கைச் செலுத்தி ஆயிரக்கணக்கில் மாதிரிகள் செய்கின்றன. அச்சுக்கே பெரும் பணம் வேண்டும். சில நூறு பேர் மட்டுமே வாங்கக்கூடிய அபூர்வ வண்டிகளுக்கு அது கட்டுபடியாகாது. அவ்விடத்தில்தான் 'ரெசின்' வருகிறது. நோன்பு காலத்தில் நம் இல்லத்தரசியர் கடற்பாசி காய்ச்சிக் கிண்ணத்தில் ஊற்றி உறையவைப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். கையால் செய்த மூல வடிவத்தின்மீது சிலிக்கான் ரப்பரை ஊற்றி அச்சு எடுப்பர். பின்னர் இரு திரவங்களைக் கலந்து அவ்வச்சில் வார்ப்பர். சில நிமிடங்களில் கலவை இறுகிவிடும். ரப்பர் அச்சோ சில பத்து வார்ப்புகளிலேயே நைந்துபோகும். ஆகவே இது பெரும்பாலும் சிறு பட்டறைகளின் தொழில்.

சாதாரணப் பிளாஸ்டிக் பசை ரெசினில் ஒட்டாது. நொடியில் பிடிக்கும் உடனொட்டுப் பசை வேண்டும். வளைந்துபோன பீரங்கிக் குழலை வெந்நீரில் இட்டு நிமிர்த்தலாம்.

இனிக் கூறப்போவதைத் தாய்மார்கள் கவனமாகப் படியுங்கள். பையன் அன்றிரவு அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, துண்டுகளை உப்புத்தாளால் உலர்ந்தபடியே தேய்த்திருக்கிறான். மாவுபோன்ற மெல்லிய தூள் பாய்வரை பரவிவிட்டது. ஏற்கெனவே மூச்சிரைப்பு உள்ள என் தமக்கை அவ்வறையைப் பெருக்கப் போனவர், நள்ளிரவில் மருத்துவரிடம் போகும்படி ஆயிற்று. அல்லாஹ்வின் கிருபையால் விடிவதற்குள் தேறினார். பையன் அழுதான், நானும் முன்பே விசாரிக்காமல் இருந்ததற்காக வெட்கினேன். ரெசினை நீரில் நனைத்தே தேய்க்க வேண்டும். முகமூடி அணிந்து, காற்றோட்டமான இடத்தில் அமர வேண்டும். தூளை ஈரத்துணியால் துடைத்தெடுக்க வேண்டுமே தவிரப் பெருக்கலாகாது. மறுநாள் முதல் அவன் வேலை கொல்லைப்புறத்தில், ஒரு தட்டு நீரோடு நடந்தது.

அந்த மாதிரி 72இல் ஒரு பங்கு அளவு. உண்மை மட்டில்டாவின் நீளம் ஏறத்தாழ 5.6 மீட்டர், கையிலிருப்பது 8 சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. அதன் மிகத் தடித்த கவசம் 78 மில்லிமீட்டர். மாதிரியில் அது 1 மில்லிமீட்டர் சொச்சம். நான்கு மனிதர் அதனுள் அடைந்து, பாலைவன வெயிலில் போருக்குச் சென்றனர். "அப்படியானால் இராஜகிரி?" என்றான் பையன். 800 அடி மலையை 72ஆல் வகுத்தோம். 11 அடி! எங்கள் வீட்டுக் கூடத்தில் அது நிற்காது.

அவன் கேள்விக்கு வருவோம். மட்டில்டாவின் பீரங்கிக் குழல் 40 மில்லிமீட்டர் விட்டமே உடையது. எஃகைத் துளைக்கும் குண்டுகளே பெரும்பாலும் அதற்குத் தரப்பட்டன. கருங்கல் மதிலை இடிக்க அவை உதவா. செஞ்சியும் மதில் இடிந்து மட்டும் வீழ்ந்ததன்று. சுல்ஃபிகார் கான் 1690இல் தொடங்கிய முற்றுகை 1698இல்தான் முடிந்தது. பிரெஞ்சுக்காரர் 1750இல் இரவுத் தாக்குதலில் இதைப் பிடித்தனர்.

மட்டில்டா புகழ்பெற்ற இடமும் ஒரு கோட்டை போன்றதே. எகிப்துப் பாலைவனத்தில் நிபைவா என்னும் இத்தாலியப் பாசறை. சுற்றிலும் கல்மதில், கண்ணிவெடிகள். 1940 டிசம்பர் 9 அதிகாலையில் மட்டில்டாக்கள் கண்ணிவெடி இல்லாத பின்புறமாக வந்து நுழைந்தன. இத்தாலியக் குண்டுகள் அவற்றின் கவசத்தைத் துளைக்கவில்லை. அவற்றைத் தொடர்ந்து லாரிகளில் வந்து இறங்கிப் போரிட்டவர்கள் யார்? 4ஆவது இந்தியப் படைப்பிரிவினர். ஸ்காட்லாந்துக் காலாட்படையும் இராஜபுதன ரைபிள்ஸ் வீரர்களும் அதில் அருகருகே இருந்தனர். வட ஆப்பிரிக்கப் போரில் அப்பிரிவோடு மதராஸ் சாப்பர்ஸ் குழுக்களும் உழைத்தன. பாதை அமைப்பதும் கண்ணிவெடி அகற்றுவதும் அவர்களின் பணி. தமிழ் பேசியோர் பலர் சேர்ந்த படை அது.

பையனின் பெட்டியிலோ, கறுப்புத் தொப்பியணிந்த ஒரு பிரிட்டிஷ் வீரரின் மார்பளவு உருவம் மட்டுமே இருந்தது.

உருவம் என்றதும் சிலர் புருவம் உயர்த்துவீர்கள். வாகனத்தைப் பொறுத்து அக்கேள்வியே எழாது. உயிருள்ளவற்றின் உருவம் பற்றி இமாம்களிடையே விரிவான ஆய்வு உண்டு. சிறுவர் பொம்மைகளுக்கு அவர்களுள் பலர் இடந்தந்துள்ளனர். அன்னை ஆயிஷா (ரலி) அவர்களிடம் இறக்கையுள்ள குதிரைப் பொம்மை இருந்த செய்தியை ஹதீஸில் காண்கிறோம். ஆயினும் தமக்கைக்கு மனம் ஒப்பவில்லை. வீரர் பெட்டிக்கே திரும்பினார்.

பையன் வேறொன்று செய்தான். ஒரு பலகையில் மணலைப் பசையிட்டுப் பரப்பி, டாங்கியை நிறுத்தினான். அதன் முன்னே தீக்குச்சிகளைச் சீவி மூன்று மண்வெட்டிகளும், தகரத் துண்டில் ஒரு வாளியும் செய்து வைத்தான். "இவை யாருடையவை?" என்று வீட்டுக்கு வருவோர் கேட்கின்றனர். "மதராஸ் சாப்பர்ஸ். வேலையை முடித்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போயிருக்கிறார்கள்" என்கிறான்.