தண்ட உதையைத் தவறவிட்டவர்



கடந்த கோடை விடுமுறையில் எமது சிறுவர்களின் உதைபந்தாட்டச் சுற்றுப்போட்டி ஒன்றைப் பார்க்கப் போயிருந்தோம். அரையிறுதி ஆட்டம் சமநிலையில் முடிந்து தண்ட உதைக்கு வந்தது. ஸ்ட்ரெதத்தில் எங்கள் தெருவில் இருக்கும் பதின்மூன்று வயதுப் பொடியன் அடித்த பந்து கம்பத்துக்கு மேலால் போய்விட்டது. கரையில் நின்ற பெரியவர்கள் அவனை ஏசிய ஏச்சுக் கொஞ்சநஞ்சமல்ல. ஒளிப்பானேன், ஏசியவர்களில் நாங்களும் இருந்தோம். அதன் பிறகு அவன் பயிற்சிக்கு வரவேயில்லை.

பக்ரறியில் இரவு வேலை நேரத்தில் பெட்டிகளை அடுக்கிக்கொண்டு நிற்கும்போது அவன் முகம்தான் கண்ணுக்குள் நின்றது. அப்போதுதான் கரெத் சவுத்கேற்றின் கதை நினைவுக்கு வந்தது. நாங்கள் பெரிய படிப்புப் படித்தவர்கள் அல்ல. தெரிந்ததைச் சொல்கிறோம்.

எங்கள் பகுதியிலிருந்து பஸ்ஸில் போகக்கூடிய தூரத்தில் செல்ஹேர்ஸ்ற் பார்க் மைதானம் இருக்கிறது. கிறிஸ்ரல் பலஸ் கழகத்தின் சொந்த மைதானம் அது. 1970ஆம் ஆண்டு வற்போட் நகரில் பிறந்த சவுத்கேற் இளவயதில் இந்தக் கழகத்தில்தான் ஆட்டம் பழகினார். அங்கிருந்த பயிற்சியாளர் அலன் சிமித், இந்த மென்மையான பொடியனுக்கு உதைபந்தாட்டம் சரிவராது, பயண முகவர் வேலைக்குப் போகலாம் என்று சொன்னாராம். பின்னர் அதே சிமித்தின் கீழ் சவுத்கேற் அணித் தலைவராகி, 1994இல் கழகத்தை மேல் பிரிவுக்குக் கொண்டுபோனார்.

1995இல் அஸ்ரன் வில்லா கழகத்துக்கு மாறினார். அடுத்த வருடம், 1996 ஜூன் 26ஆம் திகதி, வெம்பிளியில் ஜேர்மனியுடன் ஐரோப்பியக் கிண்ண அரையிறுதி. ஆட்டம் 1-1. தண்ட உதையில் இரு பக்கமும் ஐந்து பேரும் தவறாமல் அடித்தார்கள். ஆறாவதாகச் சவுத்கேற் அடித்த பந்தை ஜேர்மன் காப்பாளர் தடுத்தார். இங்கிலாந்து வெளியேறியது. பன்னிரண்டு யார் தூரத்திலிருந்து அடித்த ஓர் உதைக்காக ஒரு நாடே அவரைப் பல வருடம் நினைவில் வைத்திருந்தது. கடதாசிப் பையால் தலையை மூடிக்கொண்டு பீற்சா விளம்பரம் ஒன்றில் தோன்றி, அவர் தன்னைத் தானே பகிடி பண்ணியும் இருக்கிறார்.

ஆனால் ஆட்டத்தை விடவில்லை. நாட்டுக்காக 57 ஆட்டங்கள் ஆடினார். 2004இல் மிடில்ஸ்பரோ கழகத்தின் தலைவராக லீக் கிண்ணத்தை வென்றார். 2006இல் அதே கழகத்தின் முகாமையாளரானார். 2009இல் கழகம் மேல் பிரிவிலிருந்து இறங்கியது, அவரும் வேலையிலிருந்து நீக்கப்பட்டார். வேலை போன வலி எங்களில் பலருக்குத் தெரியும். 2013இல் 21 வயதுக்குட்பட்டோர் அணியைப் பொறுப்பெடுத்து, 2016இல் இங்கிலாந்து அணிக்கே பயிற்சியாளரானார்.

2018 உலகக் கிண்ணத்தில் கொலம்பியாவை இங்கிலாந்து தண்ட உதையில் வென்றது. உலகக் கிண்ணத்தில் தண்ட உதையில் இங்கிலாந்து வென்றது அதுவே முதல் தடவை. வென்ற கையோடு, உதையைத் தவறவிட்ட கொலம்பிய வீரர் ஒருவரைச் சவுத்கேற் அணைத்துத் தேற்றினார். தோற்றவனின் நெஞ்சு அவருக்குத் தெரியும்.

2021 ஜூலை 11ஆம் திகதி, மீண்டும் வெம்பிளி, மீண்டும் தண்ட உதை. இத்தாலியுடனான இறுதியாட்டத்தில் ரஷ்போட், சன்ஷோ, சாக்கா என்ற மூன்று இளம் கறுப்பின வீரர்கள் தவறவிட்டார்கள். அவர்கள் மேல் நிறவெறி வசைகள் கொட்டின. யார் அடிப்பது என்று முடிவெடுத்தது நான், பொறுப்பும் என்னுடையது என்று சவுத்கேற் வெளிப்படையாகச் சொன்னார். 2024 ஐரோப்பிய இறுதியாட்டத்தில் ஸ்பெயினிடம் தோற்றபின் பதவி விலகினார். 102 ஆட்டங்களில் அணியை நடத்திய அவர் கிண்ணம் ஒன்றும் கொண்டுவரவில்லை. ஆயினும் 2025இல் அவருக்கு சேர் பட்டம் வழங்கப்பட்டது.

இங்கே பிறந்த எங்கள் பிள்ளைகளுக்கு வெளியில் ஏச்சு விழுவதற்கு எத்தனையோ வாய்கள் உண்டு. வீட்டு வாயும் சேர்ந்தால் பிள்ளை எங்கே போவான்?

போன வெள்ளிக்கிழமை அந்தப் பொடியன் வீட்டுக்குப் போனோம். தாய் தேத்தண்ணி போட, நாங்கள் அவனிடம் சொன்னோம்: "தம்பி, அண்டைக்கு உன்னை ஏசினது எங்கட பிழை." அவன் பேசவில்லை. சவுத்கேற்றின் கதையைச் சொன்னோம்.

"மாமா, உண்மையாவே அவரும் தவறவிட்டவரோ?"

"ஓம் ராசா. வெம்பிளியிலேயே."

சனிக்கிழமை காலை பயிற்சித் திடலில் அவன் நின்றான். தண்ட உதை பழகும்போது மட்டும் பின்னுக்குப் போய் நின்றான். இருக்கட்டும், அதற்கும் நாள் வரும். வாசகர்களே, கரையில் நிற்கும் எங்கள் வேலை அதுவரை வாயைக் காப்பதுதான்.