கோடையும் கூரையும்

நாள்தோறும் நம் தலைக்கு மேலே இருந்தும் நாம் நிமிர்ந்து நோக்காத பொருள் வீட்டின் கூரையே. சுவரில் ஒரு கீறல் விழுந்தால் உடனே கண்டுகொள்ளுகின்றோம். வாசற்கதவு கிறீச்சிட்டால் எண்ணெய் விடுகின்றோம். கூரையை மட்டும், மழை வந்து நினைவூட்டும் வரை நினைப்பதில்லை. மாரி வருமுன் கூரையைப் பார்க்க வேண்டுமென்று முதியோர் சொல்லக் கேட்டிருக்கின்றேன். ஆனால் எங்கள் யாழ்ப்பாணத்திலே கூரைக்குரிய சோதனை கோடையிலேயே தொடங்கிவிடுகின்றது. இவ்வுண்மையை நான் அறிந்துகொள்வதற்கு 63 வயது ஆயிற்று.

சித்திரை நடுப்பகுதியில், புத்தாண்டு பிறக்கின்ற நாள்களை ஒட்டி, நண்பகற் சூரியன் யாழ்ப்பாணத்தின் உச்சிக்கு ஏறத்தாழ நேராக நிற்கின்றது. அவ்வேளையில் ஓட்டின்மீது கை வைத்தல் அரிது. நிலத்தை ஒட்டிய காற்று சூடேறி மேலெழ, கடற்காற்று உள்ளே புக, பிற்பகலில் கருமுகில் திரண்டு இடியும் மின்னலுமாகக் கொட்டித் தீர்க்கின்றது. இருபருவக் காற்றுகளுக்கும் இடைப்பட்ட காலத்து மழை இது. இம்மழை ஓய்ந்ததும் வைகாசியிலே சோளகம் எழும்புகின்றது. தென்மேற்குப் பருவக்காற்றாகிய அது, தன்னிடமிருந்த நீரையெல்லாம் இலங்கையின் தென்மேற்கிலும் மலைநாட்டிலும் இறைத்துவிட்டு, எங்களிடம் வரும்போது வறண்ட காற்றாய்ப் புழுதியை வாரிக்கொண்டு வருகின்றது. ஆடியிலே அதன் வேகத்தைச் சொல்ல வேண்டுவதில்லை.

ஆகவே ஒரே கோடையிற் கூரையானது வெயிலால் விரிகின்றது. திடீர் மழையாற் சுருங்குகின்றது. பின்பு மாதக்கணக்காகக் காற்றில் அதிருகின்றது. காற்று கூரையைக் கீழ்நோக்கி அழுத்துகின்றது என்றே பலரும் எண்ணுவர். முகட்டைத் தாண்டி விரையும் காற்று, மறுபக்கத்தில் உள்ள ஓடுகளை மேல்நோக்கி இழுக்கின்றது என்பதை அவர் அறியார். முகட்டோரத்திலும் தாழ்வார ஓரத்திலும் உள்ள ஓடுகள் முதலில் இடம்பெயர்வதன் காரணம் இதுவே.

எங்கள் வீடு என் தந்தையார் கட்டிய ஓட்டுவீடு. குசினி மட்டும் கிடுகால் வேய்ந்தது. ஓடு மங்களூர் வகையைச் சேர்ந்தது. 1865ஆம் ஆண்டிலே பாசல் மிஷனார் மங்களூரில் நிறுவிய ஓட்டுத் தொழிற்சாலையினால் இவ்வகைக்கு அப்பெயர் பரவலாயிற்று. அச்சில் அழுத்திச் சுட்ட இவ்வோட்டில், ஒன்றன் வாய்க்காலில் மற்றொன்றின் விளிம்பு சென்று அமரும். அந்தப் பொருத்தமே அதன் பலம். அதுவே அதன் சங்கடமும் என்பதைப் பின்னர் கூறுவேன்.

மூன்று ஆண்டுகளாக எங்கள் முன்விறாந்தையின் மூலையில் மழைநாள்களில் ஒரு துளி விழுந்துகொண்டிருந்தது. அதற்கு நான் செய்த பரிகாரம் ஒரு வாளியை வைத்ததே. மழை விட்டதும் வாளியைக் கவிழ்த்து வைப்பேன். அத்துடன் ஒழுக்கையும் மறந்துவிடுவேன்.

சென்ற ஆண்டுச் சித்திரையில் என் தாயார், "தம்பி, என்ரை கட்டிலிலை மேலை இருந்து மா மாதிரி என்னவோ கொட்டுது" என்றார். அவருக்கு வயது 88. கண் மங்கியவர் எதையோ கண்டு எதையோ சொல்லுகின்றார் என்று எண்ணிக் கட்டிலைத் தட்டிவிட்டேன். நாலாம் நாட் பிற்பகலிலே பெரும் இடிமழை பெய்தது. மறுநாட் காலை முற்றத்தில் நின்று தற்செயலாக நிமிர்ந்து பார்த்தபோது, அம்மாவின் அறைக்கு மேலே ஓட்டுவரிசை ஓர் அங்குல அளவு பள்ளமாகி இருந்தது.

தச்சர் வந்து ஏறினார். இரண்டு ஓடுகளைக் கழற்றி, கையிலிருந்த உளியைக் கைமரத்தில் வைத்து அழுத்தினார். பழுத்த வாழைப்பழத்தில் இறங்குவது போல் உளி இறங்கிற்று. அவர் கீழே இறங்காமலே சொன்னார்: "மாஸ்டர், அம்மாவை இண்டைக்கே இந்த அறையிலை இருந்து மாத்துங்கோ."

நடந்தது இதுதான். முகட்டுக்கு அண்மையில் ஓர் ஓடு வெடித்திருந்தது. மாங்காய் விழுந்தோ, வெயிலும் மழையும் மாறிமாறித் தாக்கியோ வெடித்திருக்கலாம். உட்புகுந்த நீர் நேரே கீழே விழவில்லை. கைமரத்தின் பக்கமாக வழிந்து, அறையைக் கடந்து, விறாந்தை மூலைக்கு வந்த பின்பே துளியாக விழுந்தது. எங்கள் கூரை அறையிலிருந்து விறாந்தை வரை ஒரே சரிவாக இறங்குவது. ஆகையால் ஒழுக்கு விழுந்த இடம் விறாந்தை. ஓடு வெடித்த இடம் என் தாயாரின் கட்டிலுக்கு மேலே. முற்றிய பனைமரம் உலர்ந்திருக்கும் வரை தலைமுறைகளைத் தாங்கும். நனைந்தும் காய்ந்தும் மாறிமாறிக் கிடந்தால் எந்த மரமும் உளுத்துப்போகும். மூன்று ஆண்டுகளாக என் வாளி நீரை ஏந்திற்று. கைமரமோ மேலே மாவாகிக்கொண்டிருந்தது.

மூன்று கைமரங்களும் சில சிலாகைகளும் மாற்ற வேண்டியதாயிற்று. வேலை விடியற்காலையிற் தொடங்கிப் பத்து மணிக்கு நின்றுவிடும். அதற்குமேல் ஓட்டில் நிற்க இயலாது. கழற்றும்போது உடைந்தவையும் முன்பே கீறியிருந்தவையுமாக 19 ஓடுகள் குறைந்தன. கடையில் வாங்கிய புதிய ஓடு எங்கள் ஓட்டோடு பொருந்தவில்லை. வாய்க்காலும் விளிம்பும் ஒன்றையொன்று ஏற்கவில்லை. முன்னர் சொன்ன சங்கடம் இதுவே.

"பக்கத்து வளவிலை இதே ஓடு கிடக்குது, மாஸ்டர். ஆரும் இல்லாத வீடு. இருபது ஓடு எடுத்தால் ஆருக்குத் தெரியப் போகுது?" என்றார் தச்சர்.

அவ்வீடும் எங்கள் வீடும் ஒரே காலத்திற் கட்டப்பட்டவை. 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் ஒருசேர இடம்பெயர்ந்தபோது இரு வீடுகளும் பூட்டப்பட்டன. நாங்கள் மறு ஆண்டு திரும்பிவந்தோம். அவர்கள் கனடா சென்றனர். ஆளில்லாத வீட்டிற்கு அழிவு கூரையிலிருந்தே தொடங்குகின்றது. ஓர் ஓடு விலக, அதன் வழி நீர் புக, மரம் உளுக்க, அது பத்து ஓடுகளைத் தன்னுடன் இழுத்துக்கொண்டு வீழ்கின்றது. பின்பு சுவர் மண்ணாவதற்கு நெடுங்காலம் செல்லாது. நான் நேர்மையை 35 ஆண்டுகள் மாணாக்கருக்குப் போதித்தவன். ஆயினும் அன்று மாலை வேலியோரம் நின்று அவ்வீட்டின் ஓடுகளை எண்ணிப் பார்த்தேன் என்பதை ஒளிக்க மாட்டேன்.

இரவு அவ்வீட்டு அக்காவைத் தொலைபேசியில் அழைத்தேன்.

"எடு தம்பி. வேணுமெண்டால் எல்லாத்தையும் எடு. எனக்கும் எண்பது தாண்டீற்றுது. அந்தக் கூரைக்குக் கீழை நான் இனி வந்து படுக்கப் போறனோ?" என்றார். நன்றி கூறி நான் தொலைபேசியை வைக்கப் போகும் வேளையில், "தம்பி, எங்கடை சாமியறை நனையுதோ?" என்று கேட்டார்.

நனைகின்றதா என்பது எனக்குத் தெரியாது. இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக அயலில் இருந்தும் நான் பார்த்ததில்லை.

மறுநாட் காலை தச்சரும் நானும் அவ்வளவிற்குச் சென்றோம். சாமியறையின் மேல் நாலு ஓடுகள் இல்லை. நிலத்தில் பாசி படர்ந்திருந்தது. பின்பக்கத் தாழ்வாரம் ஏற்கெனவே சாய்ந்து, ஓடுகள் குவிந்து கிடந்தன. அக்குவியலில் நல்லவற்றைத் தெரிந்து, முதலிற் சாமியறையை மூடினோம். பின்னரே எங்களுக்குரிய 19 ஓடுகளை எண்ணி எடுத்தோம்.

ஆனியிற் குசினிக்கு வந்தோம். முன்பு ஒருமுறை வேய்ந்த கிடுகு இரண்டு ஆண்டு நின்றது. இப்போது ஓராண்டிலேயே இற்றுப்போகின்றது. கிடுகின் தரம் குறைந்துவிட்டது என்று நான் குறைகூறினேன். தச்சர் சிரித்தார். "நீங்கள் இப்ப காஸ் அடுப்பிலை எல்லோ சமைக்கிறியள்?" என்றார். விறகடுப்பின் புகை கூரையில் ஏறிக் கரியாய்ப் படிந்து, பூச்சியையும் பூஞ்சணத்தையும் தடுத்துவந்தது. தாயார் கண்ணைக் கசக்கிக்கொண்டு ஊதிய அடுப்பே கூரைக்கு மருந்தாக இருந்தது. அவர் கண்ணுக்கு நேர்ந்ததை எண்ணும்போது அந்தப் புகை மீண்டும் வேண்டுமென்று நான் சொல்லேன். ஆண்டுதோறும் கிடுகு மாற்றுவதே அதற்கு ஈடு.

அஸ்பெஸ்ரஸ் போட்டுவிட்டால் தொல்லை தீரும் என்று சிலர் புத்தி சொன்னார்கள். அதன் நார்த்தூள் நுரையீரற் புற்றுநோய்க்குக் காரணமாகும் என்பதை உலக சுகாதார நிறுவனம் எடுத்துரைத்து வருகின்றது. தகரமோ சித்திரை வெயிலில் வீட்டை அடுப்பாக்கிவிடும். ஓட்டின் இடுக்குகளும் கிடுகின் அடுக்குகளும் சூட்டை வெளியே விட்டும் தடுத்தும் காக்கின்றன. அவற்றுக்காக நாம் கொடுக்கும் விலை, ஆண்டுக்கு இருமுறை நிமிர்ந்து பார்ப்பதே.

பார்க்கும் முறையைத் தச்சரிடம் கற்றேன். நண்பகலிற் கதவு யன்னல்களைச் சாத்திவிட்டு அறையின் நடுவில் நின்று மேலே பார்க்க வேண்டும். விலகிய ஓடு வெளிச்சப் புள்ளியாகத் தன்னைக் காட்டிக்கொடுக்கும். மழை பெய்யும்போது துளி விழும் இடத்தை விட்டு, ரோச் வெளிச்சத்தைக் கைமரத்தின் வழியே முகடு வரை கொண்டுசெல்ல வேண்டும். பீலியிற் சேரும் மாவிலையைச் சோளகம் அடங்குமுன் ஒருமுறையும், அடங்கிய பின் ஒருமுறையும் அகற்ற வேண்டும். கூரைக்கு மேல் நீளும் கிளையைத் தறிக்க மனம் வர வேண்டும்.

ஆவணிக் கடைசியில் ஒரு மாலை இடிமழை வந்தது. தாயார் தம் அறையில், தம் கட்டிலில் உறங்கிக்கொண்டிருந்தார். நான் ரோச் விளக்குடன் அறைக்கும் விறாந்தைக்குமாக நடந்தேன். பழக்கத்தினால் வைத்த வாளி இரவு முழுவதும் உலர்ந்தே இருந்தது.

விடிந்ததும் அயல் வளவிற்குச் சென்று சாமியறையைத் திறந்து பார்த்தேன். நிலம் காய்ந்திருந்தது. அன்றே அக்காவுக்குச் சொன்னேன். சிறிது நேரம் மறுமுனையில் பேச்சில்லை. பின்னர், "பின் தாழ்வாரத்து ஓட்டிலை எத்தினை மிச்சம் கிடக்குது, தம்பி?" என்று கேட்டார்.

எண்ணிவந்து சொல்லுகின்றேன் என்றேன்.