வெடித்ததும் ஏன் சிரிக்கிறோம்?

நம் படங்களில் காலங்காலமாக வரும் ஒரு காமெடி இது. வெடியைப் பற்றவைத்துவிட்டு காமெடியன் ஓடிவந்து நிற்பார். வெடிக்காது. சுற்றி நிற்பவர்கள் காதைப் பொத்தியிருந்த கையை எடுப்பார்கள். நமத்துப்போயிருக்கும் என்று இவர் திரும்பிப் போய்க் குனிந்து பார்ப்பார். 'டமார்!' புகை விலகினால் முகமெல்லாம் கரி, விறைத்து நிற்கும் தலைமுடி, கிழிந்து தொங்கும் சட்டை. கண் இரண்டும் மட்டும் வெள்ளையாகத் தெரியும். ஒரு இருமல், வாயிலிருந்து கொஞ்சம் புகை. தியேட்டரே சிரிக்கும்.

சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை, ஏழாயிரம்பண்ணைப் பக்கத்து ஆட்களும் இதற்குச் சிரிக்கிறார்கள். நாட்டில் விற்கும் பட்டாசில் பெரும்பகுதி இந்த வட்டாரத்தில் தயாராவது. மருந்து வெடித்தால் மனித உடம்பு என்ன ஆகும் என்பதை இங்கே யாரும் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டி ஆலை விபத்தில் 30-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். 2021 பிப்ரவரியில் சாத்தூர் அருகே அச்சங்குளத்தில் நடந்த ஆலை விபத்தில் பல உயிர்கள் போயின. தூரத்தில் சத்தம் கேட்டாலே எந்தப் பக்கம் புகை என்று வாசலுக்கு ஓடிவந்து பார்க்கிற ஊர்கள் இவை. அந்த ஊர்களிலும் திரையில் வெடிக்கிற வெடிக்குச் சிரிப்பு வருகிறது என்றால், திரையில் ஏதோ ஒரு வேலை நடந்திருக்கிறது. கேமரா, எடிட்டிங், ஒலி மூன்றும் சேர்ந்து வெடியிலிருந்து வலியைக் கழற்றி எடுத்துவிடுகின்றன. எப்படிக் கழற்றுகின்றன என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம்.

முதலில் எடிட்டிங். மேலே சொன்ன காட்சியை ஷாட் ஷாட்டாகப் பிரித்துப் பாருங்கள். குனியும் ஆள் ஒரு ஷாட். வெளிச்சமும் புகையும் ஒரு ஷாட். கரிமுகம் ஒரு ஷாட். நிஜத்தில் இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் நடுவில்தான் எல்லாமே இருக்கிறது: தூக்கியெறியப்படுவது, தீ, அலறல், ஓடிவருகிறவர்கள். படத்தில் அந்த இடத்தில் ஒரே ஒரு கட். எரிந்த தோலுக்குப் பதிலாகக் கரி வந்துவிடுகிறது. கரி என்றால் கழுவினால் போய்விடும். அதைப் பார்த்த கணத்தில் இந்த ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று நம் மனசுக்குத் தெரிந்துவிடுகிறது. அந்த நிம்மதியும் சேர்ந்துதான் சிரிப்பாக வெளியே வருகிறது. அடுத்த சீனில் அதே ஆள் வெள்ளைச் சட்டையோடு வந்து நிற்பார், நாமும் கேள்வி கேட்க மாட்டோம்.

பக்கத்துப் பக்கத்து ஷாட்டுகளை மனசு தானே கோத்துக்கொள்ளும் என்பதை, சுமார் 100 ஆண்டுகளுக்கு முன் லெவ் குலஷோவ் என்ற ரஷ்ய இயக்குநர் செய்து காட்டினார். எந்த உணர்ச்சியும் இல்லாத ஒரு நடிகரின் முகம்; அதன் பக்கத்தில் ஒரு தடவை சூப் கிண்ணம், ஒரு தடவை சவப்பெட்டி. பார்த்தவர்கள் அந்த ஒரே முகத்தில் பசியையும் துக்கத்தையும் மாறி மாறிக் கண்டார்கள் என்பார்கள். நம் வெடி காமெடியும் இந்தக் கணக்கில்தான் ஓடுகிறது. காமெடியன் பெரிதாக எதுவும் செய்ய வேண்டாம், கண்ணை இரண்டு தடவை சிமிட்டினால் போதும். முன்னால் வந்த ஷாட் மிச்சத்தைச் செய்துவிடும். முகத்தை அஷ்டகோணலாக்கிக்கொண்டு நடிப்பவரை விட அசையாமல் நிற்பவரைப் பார்த்து அதிகம் சிரிப்பு வருவது இதனால்தான்.

இரண்டாவது, காத்திருக்க வைப்பது. திரைக்கதையில் இதைத் திரி என்றே சொல்லலாம். திரி நீளமாக இருந்தால் கூட்டம் சலித்துவிடும், குட்டையாக இருந்தால் தயாராவதற்குள் வெடித்துவிடும். திகில் பட இயக்குநர் ஹிட்ச்காக் ஒரு பேட்டியில் மேசைக்கு அடியில் இருக்கும் வெடிகுண்டை உதாரணம் காட்டிப் பேசியிருக்கிறார். குண்டு இருப்பது நமக்குத் தெரியாமல் வெடித்தால் சில நொடி அதிர்ச்சி, அவ்வளவுதான். நமக்கு மட்டும் தெரிந்து, மேசையைச் சுற்றி உட்கார்ந்திருப்பவர்களுக்குத் தெரியாவிட்டால் பல நிமிடம் நெஞ்சு படபடக்கும். அவர் திகிலுக்காகச் சொன்னது. சிரிப்புக்கும் அதே விதிதான். நமத்த வெடியின் பக்கத்தில் போகக்கூடாது என்பது பட்டாசு ஊர்ப் பிள்ளைகள் விவரம் தெரிந்த நாளிலிருந்து கேட்டு வளர்கிற பாடம். அதனால் காமெடியன் திரும்பி முதல் அடி வைக்கும்போதே அந்த ஊரில் சிரிப்பு கிளம்பிவிடும். வெடித்த பிறகு சிரிப்பவரை விட, நடக்கப்போவது தெரிந்து சிரிப்பவருக்குத்தான் காட்சி நீளமாகச் சுவைக்கிறது.

குனிந்து பார்த்து அகப்பட்டுக்கொள்ளும் இந்தக் காமெடிக்குச் சினிமாவின் வயதுதான். லூமியேர் சகோதரர்களின் 1895-ஆம் ஆண்டுக் குறும்படம் ஒன்றில் தோட்டக்காரர் குழாயால் செடிக்குத் தண்ணீர் விடுவார். பின்னால் ஒரு பையன் வந்து குழாயை மிதிப்பான். தண்ணீர் நிற்கும். தோட்டக்காரர் குழாயின் வாயைத் திருப்பிக் கண்ணருகே வைத்துப் பார்ப்பார். பையன் காலை எடுப்பான். முகத்தில் தண்ணீர் பீய்ச்சி அடிக்கும். ஒரு நிமிடம்கூட ஓடாத படம், சினிமாவின் முதல் காமெடி என்று பலரும் இதைத்தான் சொல்வார்கள். குழாய் இருந்த இடத்தில் நாம் வெடியை வைத்தோம். அந்தப் படத்தில் கேமரா அசைவதில்லை, கட் எதுவும் இல்லை. ஆனால் பையனும் தோட்டக்காரரும் ஒரே சட்டத்துக்குள் இருக்கிறார்கள். மிதிப்பதும் தெரிகிறது, ஏமாறுவதும் தெரிகிறது. தனித்தனி குளோசப்பில் காட்டியிருந்தால் இந்தச் சிரிப்பு வந்திருக்காது.

எங்கே நின்று படம் எடுப்பது என்ற கேள்வி இங்கேதான் வருகிறது. அடி விழும் காமெடிக்குக் கேமரா சற்றுப் பின்னால் நிற்க வேண்டும். நெருங்கிப் போனால் வலி தெரியும். 'ஃப்ரெண்ட்ஸ்' (2001) படத்தில் காண்ட்ராக்டர் நேசமணியாக வரும் வடிவேலுவின் தலையில் சுத்தியல் விழும் காட்சியை நினைத்துப் பாருங்கள். சித்திக் மலையாளத்தில் 1999-இல் எடுத்த படத்தைத் தமிழிலும் தானே எடுத்தார். மேலே வேலை செய்யும் கிருஷ்ணமூர்த்தி, கீழே நிற்கும் நேசமணி, நடுவில் சுத்தியல். எது எங்கிருந்து எங்கே விழுகிறது என்பது சின்னக் குழந்தைக்குக்கூடக் குழப்பமில்லாமல் புரியும். நிஜத்தில் அந்த உயரத்திலிருந்து சுத்தியல் விழுந்தால் ஆள் பிழைப்பது கஷ்டம். படத்தில் ரத்தத்துக்கு இடமே இல்லை. அடியின் சத்தமும் வடிவேலுவின் உடம்பும் மட்டும்தான். 2019 மே மாதம் ஒரு சுத்தியலின் படத்தைப் போட்டு, உங்கள் ஊரில் இதற்கு என்ன பெயர் என்று யாரோ இணையத்தில் கேட்க, ஒரு தமிழர் நேசமணிக்கு நேர்ந்ததை நிஜச் செய்தி போலப் பதிலாக எழுதினார். இந்தியா முழுக்க நேசமணிக்காகப் பிரார்த்தனை கிளம்பியது. 18 வருடம் கழித்தும் அந்தச் சுத்தியல் விழுந்த இடம் ஜனங்களின் கண்ணில் அப்படியே இருந்தது என்றால், அதில் வடிவேலுவின் உடம்புக்கு இருக்கும் பங்கு ஷாட்டின் தெளிவுக்கும் உண்டு.

வெடி காமெடியில் இன்னொரு பழைய தந்திரம் ஓட்டம். திரியைப் பற்றவைத்துவிட்டுக் காமெடியன் ஓடும்போது கால் சக்கரமாகச் சுற்றும். படம் வழக்கமாக நொடிக்கு 24 சட்டங்கள் என்று ஓடுகிறது. எடுக்கும்போது 16 அல்லது 18 சட்டங்கள் மட்டும் பதிவு செய்து 24 வேகத்தில் ஓட்டினால் மனிதர்கள் விறுவிறுவென்று நகர்வார்கள். வேகம் கூடியதும் உடம்பின் கனம் போய்விடுகிறது. கனமில்லாத உடம்பு விழுந்தால் அடிபடும் என்று நமக்குத் தோன்றாது. ஊமைப்படக் காலத்திலிருந்து வரும் வித்தை இது, இன்றைக்கும் கைகொடுக்கிறது.

ஒலியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். என் கணக்கில் காமெடியில் பாதி வேலை அதற்குத்தான். 'டமார்' முடிந்ததும் வரும் நிசப்தத்தைக் கவனியுங்கள். பின்னணி இசை நின்றுவிடும், கூட்டம் பேசாது, ஒரு இருமல் மட்டும் கேட்கும். அந்த இரண்டு நொடி காலியிடம் தியேட்டர் சிரிப்பதற்கென்றே விட்டுவைத்தது. இப்போது பல காமெடிக் காட்சிகளில் அந்த இடத்திலும் 'டொய்ங்' என்று ஒரு சத்தத்தைப் போட்டு நிரப்பிவிடுகிறார்கள். சிரிக்கச் சொல்லிக் கையைப் பிடித்து இழுக்கிறது அந்தச் சத்தம், சிரிப்பு பாதியாகிவிடுகிறது. எனக்கு இதில் உண்மையான வருத்தம் உண்டு.

ஒலியை வைத்தே எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு சிங்கீதம் சீனிவாசராவின் 'பேசும் படம்' (1987) இருக்கிறது. படம் முழுக்க வசனமே கிடையாது. தியேட்டரை ஒட்டிய லாட்ஜில் குடியிருக்கும் கமல்ஹாசன், தினமும் திரையிலிருந்து வரும் சண்டைச் சத்தத்திலேயே தூங்கிப் பழகியவர். பெரிய ஹோட்டல் அறைக்கு மாறியதும் நிசப்தத்தில் தூக்கம் வராது. பழைய இடத்துக்குப் போய் அந்தச் சத்தத்தை டேப்பில் பதிவு செய்துகொண்டு வந்து, அதைப் போட்டுக்கொண்டு தூங்குவார். ஒரு வார்த்தை பேசாமல் ஒரு மனிதனின் ஏழ்மை, பழக்கம், பிடிவாதம் எல்லாம் சத்தத்தில் வந்துவிடுகிறது.

வெடியே இல்லாமல் வெடியின் பயத்தைக் காட்டிய காட்சி 'காதலிக்க நேரமில்லை'யில் (1964) நாகேஷ் பாலையாவுக்குச் சொல்லும் பேய்க்கதை. திகில், சஸ்பென்ஸ் என்று கதை சொல்லும் செல்லப்பாவான நாகேஷ், அதற்கான சத்தங்களையும் தன் வாயாலேயே போடுகிறார். கதையில் பயப்பட ஒன்றுமே இல்லை. நாம் பார்ப்பது கேட்டுக்கொண்டிருக்கும் பாலையாவை. கண் எங்கே போகிறது, விழுங்க முடியாமல் தொண்டை எப்படி ஏறி இறங்குகிறது என்று அந்த முகத்திலேயே முழுப் பேய்ப்படமும் ஓடுகிறது. பேசுகிறவரை விடக் கேட்கிறவர் முகம் முக்கியம் என்பதை இயக்குநர் ஸ்ரீதர் அழகாகப் புரிந்துவைத்திருந்தார். சினிமாக்காரர்கள் இதை ரியாக்‌ஷன் ஷாட் என்பார்கள். வெடி காமெடியிலும் காதைப் பொத்தி நிற்கும் அந்த நாலு பேர் இல்லாவிட்டால் காட்சி பாதிதான். அவர்கள் கையை எடுக்கும்போது நாமும் எடுக்கிறோம்.

இந்த வித்தைகளை எல்லாம் வேண்டாம் என்று ஒதுக்கினால் என்ன ஆகும்? அதற்கு இந்தப் பட்டாசு ஊர்கள் இருக்கும் விருதுநகர் மாவட்டத்துப் படமே இருக்கிறது. விருதுநகர்க்காரரான வசந்தபாலன் தன் மண்ணை வைத்து 2006-இல் 'வெயில்' எடுத்தார். பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டுவிட்டு எம்.ஜி.ஆர். படம் பார்க்கப் போன பையன் அப்பாவிடம் மாட்டிக்கொள்வான். நூறு படங்களில் காமெடியாக வந்த விஷயம். அப்பா காதைப் பிடித்துத் திருகுவதை லாங் ஷாட்டில் காட்டி, 'ஐயோ' என்ற அலறலோடு கட் செய்து, அடுத்த ஷாட்டில் பையனை வீங்கிய கன்னத்தோடு வகுப்பில் உட்காரவைத்தால் எல்லோரும் சிரிப்பார்கள். வசந்தபாலன் கட் செய்யவில்லை. அப்பா பையனை உடுப்பில்லாமல் வெயிலில் கட்டிப்போடுவதைக் கேமரா கூடவே நின்று பார்க்கிறது. சூடு தெரிகிறது, அவமானம் தெரிகிறது. அந்த ஒரு நாளிலிருந்து அவன் வாழ்க்கையே கோணலாகிப் போகிறது. அதே சம்பவத்தில் நேரத்தையும் தூரத்தையும் மாற்றியதும் சிரிப்பு போய்விட்டது.

இப்போது சிவகாசிப் பக்கம் தீபாவளி நெருங்கினால் போனை வைத்து ரீல்ஸ் எடுக்காத தெரு இல்லை. கரிமுகக் காமெடியும் அதில் நிறைய வருகிறது. தம்பி, தங்கைகளுக்கு ஒன்று சொல்ல வேண்டும்: மேலே பார்த்தபடி, ஆள் பக்கத்தில் வெடி வெடிப்பதே படத்தில் இல்லை. திரிக்குப் பதில் ஊதுபத்தியின் நுனியைக் குளோசப்பில் எடுத்துக்கொள்ளுங்கள். காதைப் பொத்தி நிற்கும் நண்பர்களைத் தனியாக எடுங்கள். குனியும் ஆளை, பக்கத்தில் வெறும் அட்டைக் குழாயை வைத்து, பத்தடி தள்ளி நின்று முழு உருவமும் தெரிய எடுங்கள். முகத்துக்குக் கண்மையோ அடுப்புக்கரியோ போதும். புகைக்கு ஒரு கைப்பிடி முகப்பவுடரை ஊதிவிட்டால் ஆயிற்று. சத்தத்தை எடிட்டிங்கில் சேருங்கள். சத்தம் முடிந்ததும் இசை எதுவும் போடாமல் இரண்டு நொடி விட்டுவிட்டு, அப்புறம் இருமச் சொல்லுங்கள். ஒரு துளி மருந்து வேண்டாம். பெரிய படங்களில் பார்த்துச் சிரித்த அத்தனை கரிமுகங்களும் ஏறக்குறைய இப்படித்தான் வந்தவை.