லாரி ஏறும் வளவுகள்

புது ஃப்ளாட்டின் சாவி கைக்கு வருமுன்பே கைபேசியில் படம் சேர்க்கும் வேலை தொடங்கிவிடுகிறது. வெள்ளைச் சுவரும் வெளிர்நிற மரமும் பிடித்தால் ஸ்காண்டிநேவியன். பூசாத செங்கல்லும் கறுப்பு இரும்பும் பிடித்தால் இண்டஸ்ட்ரியல். நம்மூர் மணம் வேண்டுமென்றால் செட்டிநாடு. இன்டீரியர் வேலை செய்பவர்களிடம் போகும் படங்களில் இப்போது இந்த மூன்றாவது ரகம் தவறாமல் இருக்கிறது. நுழைவாசலில் இரண்டு தேக்குத் தூண், ஆத்தங்குடித் தரை, சங்கிலி போட்ட ஊஞ்சல், சுவரில் பழுப்பேறிய ரவிவர்மா அச்சுப்படம், மூலையில் பித்தளை அண்டா என்று சாமான் பட்டியலும் ஏறக்குறைய ஒன்றுதான்.

முதல் இரண்டு ரகத்தையும் பிளைவுட்டிலும் லேமினேட்டிலும் எத்தனை பேருக்கு வேண்டுமானாலும் செய்து தரலாம். அதனால் யாருக்கும் நஷ்டமில்லை. மூன்றாவதற்குத்தான் எங்கோ ஒரு வீடு இடிபட வேண்டியிருக்கிறது.

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் போனவர்களுக்கு இது தெரியும். பழைய சாமான் கடைகள் வரிசையாக இருக்கும் தெரு அது. எனாமல் தூக்குகள், மரவைகள், பீங்கான் ஜாடிகள், பெல்ஜியம் கண்ணாடிகள், கலியாணப் படங்கள் எல்லாம் அங்கே கிடைக்கும். யாருடைய தாத்தா, யாருடைய ஆச்சி என்று கேட்க ஆளில்லாமல் படங்கள் அடுக்கிக் கிடக்கும். அதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், வீட்டில் பரணைக் காலி செய்கிறவர்கள் எந்த ஊரிலும் உண்டு. ஆனால் நிலையோடு பெயர்த்த வாசற்கதவுகளும், போதிகையோடு சாய்த்து வைத்த தூண்களும், உத்திரங்களும் வருவது பரணிலிருந்து அல்ல. வீட்டை இடிக்காமல் உத்திரத்தை உருவ முடியாது.

அந்தச் செட்டிநாட்டு வீடுகள் எழுந்த கதை எல்லோரும் அறிந்ததுதான். பர்மாவில் வட்டித்தொழில், அங்கிருந்து தேக்கு, இத்தாலியிலிருந்து பளிங்கு என்று வந்து சேர்ந்த செல்வம், 1942-இல் ஜப்பானியர் ரங்கூனுக்குள் நுழைந்ததோடு ஆட்டம் கண்டது. வீடுகள் நின்றன, அவற்றைப் பராமரிக்கும் வருமானம் நிற்கவில்லை. இதைவிடப் பெரிய சிக்கல் வீட்டின் அமைப்பிலேயே இருக்கிறது. வளவு என்கிற நடுமுற்றக் கட்டைச் சுற்றிக் கலியாணமான மகன் ஒவ்வொருவனுக்கும் ஓர் அறை. இரண்டு மூன்று தலைமுறை கழிந்ததும் ஒரே வீட்டுக்குப் பங்காளிகள் டஜன் கணக்கில் சேர்ந்துவிடுகிறார்கள். ஒருவர் கோயம்புத்தூரில், ஒருவர் சிங்கப்பூரில், ஒருவர் நியூஜெர்சியில். கலியாணத்துக்கும் முன்னோருக்கான படைப்புக்கும் மட்டும் கதவு திறக்கும். ஓடு மாற்ற வேண்டுமென்றால் அத்தனை பேரும் பணம் போட வேண்டும். விற்பதற்கு அத்தனை பேரும் தலையாட்டினால் போதும். வீட்டை அறை அறையாகப் பிரித்து யாரும் எடுத்துப்போக முடியாது. மரத்தையும் கல்லையும் விற்ற காசைப் பங்கு போட்டுக்கொள்ளலாம். வரவேற்பறைக்குத் தூண் தேடும் நாகரிகம் வலுக்க வலுக்க, இடிப்பதே லாபம் என்கிற கணக்கு பங்காளிகளுக்கு எளிதாக ஒத்துவருகிறது.

லாரியில் ஏறாதது எது என்று பார்த்தால்தான் இந்த வியாபாரத்தின் அபத்தம் புரியும். அந்த வீட்டுச் சுவர்களில் சுண்ணாம்பு, கடுக்காய், வெல்லம், கடைசிப் பூச்சில் முட்டை வெள்ளைக்கரு. பூசியவர்கள் தேய்த்த தேய்ப்பில் நூறாண்டு கழிந்தும் பளிங்குபோல் மின்னுகிறது. வண்ணம் அடிக்கத் தேவையில்லை, ஈரத்துணியால் துடைத்தால் போதும். இடிக்கும்போது அது வெறும் குப்பை. பள்ளம் நிரப்பத்தான் ஆகும். பல அடுக்காக வேய்ந்த நாட்டு ஓடு, சித்திரை வெயிலை மேலேயே நிறுத்திவிடும். முன்வாசலில் நின்று பார்த்தால் முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு எல்லாம் தாண்டிப் பின்தெருக் கதவுவரை கண்ணுக்குத் தெரியும். காற்றுக்கும் அதே பாதை. வளவின் முற்றத்தில் விழும் மழையை அண்டாக்களில் பிடித்துக்கொண்டு, மிச்சத்தை வாய்க்கால் வழியே ஊருணிக்கு அனுப்பிய ஊர்கள் அவை. வீட்டை வீடாக்கிய இவற்றில் எதற்கும் கடையில் விலை இல்லை. கடைக்கு வந்து சேர்வது எலும்பு மட்டும்.

அந்த எலும்பை வைத்துக்கொண்டு ஃப்ளாட்டில் என்ன செய்கிறோம்? அடுக்குமாடியில் கூரை உயரம் பத்தடிக்குள்தான். அதிலும் அரையடியை ஜிப்சம் ஃபால்ஸ் சீலிங்குக்குக் கொடுத்துவிடுகிறோம். தூண் அதற்குள் அடங்காவிட்டால் அடியில் அறுக்க வேண்டியதுதான். மாடிக்கட்டின் பாரத்தைத் தாங்கிய மரம், எதையும் தாங்காமல் டிவி யூனிட்டுக்குப் பக்கத்தில் அலங்காரமாக நிற்கிறது. அதற்கு மேலே எல்.இ.டி. விளக்கு வரிசை, கீழே விட்ரிஃபைட் டைல், ஜன்னலை மறைத்தபடி வார்ட்ரோப், நாள் முழுக்க ஓடும் ஏ.சி. என்று இருக்கிறது. காற்றுக்காகவே கட்டிய வீட்டின் துண்டு ஒன்று, காற்று வராத அறைக்குப் பெருமை சேர்த்துக்கொண்டிருக்கிறது. இதை மரபு மீட்பு என்று வேறு ரீல்ஸில் சொல்கிறார்கள்!

நாங்கள் வாங்காவிட்டால் கறையானும் விறகடுப்பும்தானே தின்னும் என்று வியாபாரிகள் கேட்கிறார்கள். சரிந்தே போன வீடுகளைப் பொறுத்தவரை அது நியாயம். சரியாத வீட்டைத் தேடி முன்பணத்தோடு போகிறவர்களுக்கு அந்த நியாயம் பொருந்தாது.

இடம் பெயர்ந்த தூண்களுக்கு வேறு உதாரணங்களும் உண்டு. கொழும்பில் இலங்கைக் கட்டடக் கலைஞர் ஒருவர் தனக்கென்று உருவாக்கிக்கொண்ட வீட்டில் செட்டிநாட்டுத் தூண்கள் நிற்கின்றன. இடிபட்ட வீட்டிலிருந்து போனவைதான். தெற்காசியா முழுவதும் மாணவர்கள் இன்றும் போய்ப் பார்க்கும் வீடு அது. ஆனால் அவர்கள் அங்கே தூணைப் பார்க்கப் போவதில்லை. குறுகிய நிலத்தில் சிறு சிறு முற்றங்களை வைத்து வெளிச்சத்தை எப்படி இறக்கினார் என்று பார்க்கப் போகிறார்கள். சென்னைக்கு அருகே முட்டுக்காட்டில் 1996-இல் திறக்கப்பட்ட தட்சிணசித்ராவிலும் செட்டிநாட்டு வீடு ஒன்று உண்டு. மூல இடத்தில் பிரித்ததைக் கொண்டுவந்து வீடாகவே மறுபடி நிறுத்தியிருக்கிறார்கள். தூண் அங்கே தூணாகத்தான் வேலை செய்கிறது.

இந்த நாகரிகத்தில் மனம் நிறைந்து பாராட்டக்கூடியது தரை ஒன்றுதான். ஆத்தங்குடிக் கல்லைப் பழைய வீட்டிலிருந்து பெயர்க்கத் தேவையே இல்லை, இன்றைக்கும் புதிதாகச் செய்கிறார்கள். கண்ணாடித் துண்டின்மேல் உலோக அச்சை வைத்து, பூவுக்கொரு நிறம், இலைக்கொரு நிறமாகச் சாயம் கலந்த சிமென்ட் குழம்பைக் கரண்டியால் ஊற்றுகிறார்கள். கை தேர்ந்தவர்கள் சில வடிவங்களுக்கு அச்சுகூட வைப்பதில்லை. மேலே உலர்ந்த மணல்-சிமென்ட் தூவி, அதற்கு மேல் ஈரக் கலவையை நிரப்பி மட்டம் செய்து, இறுகியதும் தண்ணீர்த் தொட்டியில் சில நாள் ஊறவிடுகிறார்கள். எடுத்துக் காயவைத்துக் கண்ணாடியைப் பிரித்தால், கண்ணாடியின் வழவழப்பு கல்லுக்கு வந்திருக்கும். சூளை கிடையாது, இயந்திரம் கிடையாது. நடக்க நடக்கப் பளபளப்பு கூடும். புளி, எலுமிச்சை சிந்தினால் மட்டும் உடனே துடைக்க வேண்டும். சிமென்ட் ஆயிற்றே, புளிப்பு அரித்துவிடும். அதனால் சமையல் மேடைக்கு ஆகாது, கூடத்துக்கும் பூஜையறைக்கும் ஏற்றது. விட்ரிஃபைட் டைலைவிட இரண்டு மடங்குக்கு மேல் தடிமன் என்பதால் தரைமட்டக் கணக்கைக் கொத்தனாரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பதிக்கும் வேலைக்கும் அந்தப் பக்கத்து ஆட்களையே அழைப்பது உத்தமம். இப்படி ஒரு தரைக்குக் கொடுக்கும் காசு ஒரு தொழிலை உயிரோடு வைக்கிறது. பழைய தூணுக்குக் கொடுக்கும் காசு என்ன செய்கிறது என்று மேலே பார்த்தோம்.

வடிவத்தைக் கடன் வாங்குவதிலும் தப்பில்லை. பால்கனியில் கைப்பிடிச்சுவர் ஓரமாக ஒரு திண்ணை கட்டலாம். வாசலுக்கும் எதிர் ஜன்னலுக்கும் நடுவே எந்த மரச்சாமானையும் நிறுத்தாமல் இருந்தால் காற்றுக்குச் செலவில்லாமல் வழி கிடைக்கும். ஃபால்ஸ் சீலிங்கை மறந்தால் பணமும் மிச்சம், உயரமும் மிச்சம். தனி வீடு கட்டுகிறவர்கள் சின்னதாய் ஒரு முற்றம் விட்டால் போதும், செட்டிநாடு தானாக வந்துவிடும். தூண் வேண்டுமென்றால் புது மரத்தில் கடைந்து தர ஆசாரிகள் இருக்கிறார்கள். இப்போதெல்லாம் அவர்களுக்குத்தான் வேலை இல்லை.

செட்டிநாட்டு ஊர்களை யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியத்துக்கான உத்தேசப் பட்டியலில் இந்தியா 2014-இல் சேர்த்தது. உத்தேசம் இன்னும் உத்தேசமாகவே இருக்கிறது. அதற்குள் கல்லும் மரமும் பாதிக்குமேல் வெளியூர் போய்விட்டால் பட்டியலில் சேர்க்க என்ன மிஞ்சும் என்பதுதான் என் கவலை. பட்டியலில் பெயர் இருப்பது, தனியார் வீட்டை இடிக்க வரும் கடப்பாரையைத் தடுப்பதில்லை.

வாங்குகிறவர்கள் கடையில் ஒரு கேள்வியாவது கேளுங்கள்: இந்தத் தூண் எந்த ஊர், எந்த வீடு, எப்போது இடித்தது? பதில் மழுப்பலாக வந்தால் விட்டுவிட்டு வாருங்கள். இதைப் படிப்பவர்களில் பங்காளிகளும் இருப்பீர்கள். அடுத்த படைப்புக்கு ஊரில் கூடும்போது விற்பனையைப் பேசுவதற்கு முன் ஓட்டைப் பேசுங்கள். உடைந்த நாலு ஓட்டின் வழியே இறங்கும் மழையில்தான் உத்திரம் உளுக்கத் தொடங்குகிறது; வீடு தாங்காது என்ற பேச்சும் அங்கிருந்துதான் தொடங்குகிறது. அந்த நாலு ஓட்டை இந்த ஐப்பசி மழைக்கு முன்னால் மாற்றிவிடுங்கள்.