சிபியு ஆன் ஆகலையா? ‘போர்டு போச்சு’ என்று முடிவு கட்டும் முன்...

2023 டிசம்பர் 4-ம் தேதி. மிக்ஜாம் புயல் கொட்டிய மழையில் அம்பத்தூர் தொழிற்பேட்டைக்குள் வெள்ளம் புகுந்தது. இயந்திரங்கள் நனைந்து உற்பத்தி நின்றது செய்தியானது. ஆனால், ஒரு சின்னப் பட்டறையின் உயிர் லேத்தில் மட்டும் இல்லை. டேலி கணக்கு, ஜிஎஸ்டி பில், வாடிக்கையாளர் அனுப்பிய டிராயிங் எல்லாம் மேஜைக்கு அடியில் தரையோடு தரையாக உட்கார்ந்திருக்கும் ஒரு பெட்டிக்குள் இருக்கின்றன. முழங்கால் அளவு தண்ணீர் வந்தாலே அது மூழ்கிவிடும்.

தண்ணீர் வடிந்ததும் பலரும் செய்வது, ‘ஓடுதான்னு பார்ப்போம்’ என்று பவர் பட்டனை அமுக்குவது. பிழைத்திருக்க வேண்டிய கம்ப்யூட்டர் பல நேரம் அந்த ஒரு அமுக்கலில்தான் சாகிறது.

மதர்போர்டில் தண்ணீர் பட்டாலே எல்லாம் முடிந்தது என்று அர்த்தமில்லை. தண்ணீரோடு மின்சாரமும் சேரும்போதுதான் வினை. வெள்ள நீரில் கலந்திருக்கும் உப்பும் கழிவும் மின்சாரத்தைக் கடத்தும். போர்டில் நெருக்கமாக ஓடும் செம்புத் தடங்களுக்கு இடையே ஷார்ட் ஆகும், அரிப்பும் தொடங்கும். ‘கரன்ட்டே இல்லையே, அப்புறம் என்ன?’ என்று நினைக்கலாம். போர்டின் மேல் ஒரு ரூபாய் நாணயம் போல ஒரு பேட்டரி இருக்கும். சிஆர் 2032 என்று பெயர், 3 வோல்ட். ஊரே இருட்டில் இருந்தாலும் அது வேலை செய்துகொண்டிருக்கும். அதனால் பிளக்கைப் பிடுங்கியதும் கேபினெட்டைத் திறந்து முதலில் கழற்ற வேண்டியது அதைத்தான்.

அடுத்து ராம், கிராபிக்ஸ் கார்டு, டிஸ்க் எல்லாவற்றையும் பிரித்தெடுங்கள். போர்டில் ஒட்டிய சேற்றை டிஸ்டில்டு வாட்டரில் கழுவலாம். வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றுகிறோமே, அதேதான். பிறகு ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, ஃபேன் காற்றில் சில நாட்கள் காயவிடுங்கள். அவசரத்துக்கு ஹேர் டிரையரைச் சூடாக வைத்து அடிக்காதீர்கள்.

மூழ்கிய எஸ்எம்பிஎஸ்ஸை மட்டும் காப்பாற்ற முயல வேண்டாம், புதிதாக மாற்றிவிடுங்கள். 230 வோல்ட் மின்சாரத்தை அது உள்ளே சுமார் 325 வோல்ட் டிசியாக மாற்றி கெப்பாசிட்டரில் சேர்த்து வைக்கிறது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அந்தச் சேமிப்பு கொஞ்ச நேரம் உள்ளே இருக்கலாம். நல்ல எஸ்எம்பிஎஸ்ஸாக இருந்தாலும் அதன் மூடியை வீட்டில் திறக்கக் கூடாது.

‘நேத்து வரைக்கும் நல்லா ஓடிச்சே!’

வெள்ளம் வராத நாளிலும் இந்தப் புலம்பல் கேட்கும். ஆவடியிலும் பூந்தமல்லியிலும் வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவருக்கு காலை 9 மணிக்கு மீட்டிங். பட்டனை அமுக்கினால் சத்தமே இல்லை. கடைக்குப் போனால் ‘போர்டு போச்சு சார், புதுசு வாங்கிடுங்க’ என்று பதில் வரும். சில நேரம் அது உண்மை. ஆனால், போர்டு என்பது கடைசியில் சந்தேகப்பட வேண்டிய பொருள்.

லைட் இல்லை, ஃபேன் சுற்றவில்லை என்றால் சுவிட்ச் போர்டிலிருந்து தொடங்குங்கள். அதே பிளக்கில் செல்போன் சார்ஜர் வேலை செய்கிறதா? ஸ்பைக் பஸ்டரை விட்டுவிட்டு நேராகச் செருகினால்? கேபினெட்டுக்குப் பின்னால், பவர் கேபிள் செருகும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன சுவிட்ச் இருக்கும். வீடு பெருக்கும்போது கைபட்டு அது அணைந்துபோவது சகஜம். இதெல்லாம் சரியாக இருந்தால் அடுத்த சந்தேகம் எஸ்எம்பிஎஸ். அதன் 12 வோல்ட் லைன் 11.4-க்கும் 12.6-க்கும் இடையே இருக்க வேண்டும். மெக்கானிக்கிடம் மல்டிமீட்டர் இருக்கும், உங்கள் முன்னால் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பக்கத்து டேபிளில் ஓடும் எஸ்எம்பிஎஸ்ஸை மாட்டிப் பார்த்தால் இன்னும் சீக்கிரம் தெரிந்துவிடும்.

ஃபேன் சுற்றுகிறது, ஸ்க்ரீன் மட்டும் கறுப்பு. இந்தக் கோளாறுக்குத்தான் அதிகம் பேர் பணத்தை இழக்கிறார்கள். மானிட்டர் கேபிள் கிராபிக்ஸ் கார்டில் இருக்கிறதா, தவறிப்போய் போர்டில் செருகியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். சிரிக்க வேண்டாம், கம்ப்யூட்டர் படித்தவர்களே இதில் மாட்டுகிறார்கள். அடுத்தது ராம். சென்னையின் ஈரக்காற்றில் ராமின் தங்கநிற முனைகளில் அழுக்குப் படலம் படியும், தொடர்பு விட்டுப்போகும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு ராமைக் கழற்றி, முனைகளைப் பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, ரப்பர் தூளை நன்றாகத் துடைத்து, ‘டிக்’ சத்தம் வரும்வரை அழுத்திச் செருகுங்கள். இரண்டு ராம் இருந்தால் ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். புதிய போர்டுகள் பலவற்றில் சிபியு, டிராம், விஜிஏ, பூட் என்று எழுதிய குட்டி லைட்டுகள் உண்டு. எது அணையாமல் எரிகிறதோ, கோளாறு பெரும்பாலும் அந்தப் பக்கம்தான்.

ஓடிக்கொண்டிருக்கும்போதே தானாக அணைகிறதா? பெரும்பாலும் சூடு. பிராசஸர் 100 டிகிரியை நெருங்கினால் முதலில் வேகத்தைக் குறைக்கும், அதையும் தாண்டினால் அணைந்துவிடும். ஃபேனில் அடைத்த தூசியும் காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட்டும்தான் வழக்கமான காரணங்கள். தொழிற்பேட்டை ஷெட்களில் இன்னொரு ஆபத்தும் உண்டு. லேத்திலிருந்தும் கிரைண்டரிலிருந்தும் பறக்கும் உலோகத் துகள் வீட்டுத் தூசி மாதிரி இல்லை, மின்சாரத்தைக் கடத்தும். அங்கே கேபினெட்டின் பக்க மூடியைக் காற்றுக்காகத் திறந்து வைப்பது போர்டை ஷார்ட் ஆக்கும் வழி.

தேதி தினமும் தப்பாகக் காட்டினால், முன்பு சொன்ன நாணய பேட்டரி தீர்ந்துவிட்டது. தேதி தவறாக இருந்தால் இணையதளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ் பொருந்தாது. பிரவுசர் ஒவ்வொரு தளத்தையும் ‘பாதுகாப்பற்றது’ என்று சொல்லும். வைரஸ் என்று நினைத்து விண்டோஸையே அழித்துப் போட்டவர்கள் உண்டு. பேட்டரியின் விலை ஒரு மதிய சாப்பாட்டைவிடக் குறைவு.

கேபினெட்டைத் தொட்டால் சுர்ரென்கிறதா? அது கம்ப்யூட்டரின் கோளாறாக இல்லாமல், வீட்டு வயரிங்கில் எர்த் இல்லாததால் இருக்கலாம். எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

இவ்வளவும் பார்த்தாயிற்று. போர்டு, பிராசஸர், ஒரே ஒரு ராம், நல்ல எஸ்எம்பிஎஸ் மட்டும் வைத்தும் உயிர் வரவில்லை அல்லது போர்டின் கெப்பாசிட்டர்கள் தலை உப்பியிருக்கின்றன என்றால், அப்போது ‘போர்டு போச்சு’ என்பதை நம்பலாம். பழைய மாடலுக்கு ரிச்சி ஸ்ட்ரீட்டில் செகண்ட் ஹேண்ட் போர்டு தேடுபவர்கள், ஓடவிட்டுக் காட்டச் சொல்லி வாங்குவது நல்லது.

டிஸ்க்கை முதலில் கையில் எடுங்கள்

போர்டு, ராம், எஸ்எம்பிஎஸ் எல்லாவற்றையும் கடையில் வாங்கிவிடலாம். ஐந்து வருடக் கணக்கு எந்தக் கடையிலும் கிடைக்காது. அதனால் ரிப்பேருக்குக் கொடுக்கும் முன் டிஸ்க்கைக் கழற்றி வைத்துக்கொள்ளுங்கள். ஹார்டு டிஸ்க்கில் ‘டக் டக்’ என்று ஒரே சீராகச் சத்தம் வந்தால் உடனே அணைத்துவிடுங்கள். ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் உள்ளே தட்டில் கீறல் விழலாம். வெள்ளத்தில் மூழ்கிய ஹார்டு டிஸ்க்கும் அப்படித்தான். பெரும்பாலானவற்றில் காற்று போக ஒரு சிறு துளை உண்டு, அதன் வழியாகச் சேறு உள்ளே போயிருக்கும். அரிசி மூட்டைக்குள் புதைப்பதால் பயனில்லை. வெயிலில் காய வைத்தால் சேறு தட்டிலேயே இறுகிவிடும். ஈரம் காயாமல் பிளாஸ்டிக் பையில் மூடி, டேட்டா ரெக்கவரி செய்பவரிடம் கொண்டுபோக வேண்டும். எஸ்எஸ்டியில் சுழலும் பாகம் இல்லாததால், நன்றாகக் கழுவிக் காயவிட்டால் பிழைக்கும் வாய்ப்பு அதிகம்.

இப்போது வரும் விண்டோஸ் 11 கம்ப்யூட்டர்களில் புதிதாக ஒரு சிக்கல் சேர்ந்திருக்கிறது. பலவற்றில் டிஸ்க் தானாகவே பூட்டப்பட்டிருக்கிறது. அதன் சாவி மதர்போர்டோடு இணைந்தது. போர்டு போய், டிஸ்க்கை வேறு கம்ப்யூட்டரில் மாட்டினால் 48 இலக்க ரெக்கவரி கீ கேட்கும். அது இல்லையென்றால் டிஸ்க் நல்ல நிலையில் இருந்தும் ஒரு ஃபைலைக்கூடத் திறக்க முடியாது. உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் உள்நுழைந்து அந்த எண் இருக்கிறதா என்று செல்போனிலேயே இன்றைக்கே பார்த்துவிடலாம். இருந்தால் ஒரு தாளில் எழுதி, வீட்டுப் பத்திரம் இருக்கும் ஃபைலில் வையுங்கள்.