கேரட் செல்லில் ஊசி மருந்து!



கேரட் சாப்பிட்டா கண்ணுக்கு நல்லதுன்னு வீட்டுல சொல்வாங்க. அதே கேரட்டோட செல்லுல ஒரு நோய்க்கு மருந்தே தயாராகுதுன்னு சொன்னா நம்புவீங்களா? நம்பித்தான் ஆகணும்!

அது என்ன நோய்?

அதன் பெயர் கோஷே நோய். 1882ஆம் ஆண்டு பிலிப் கோஷே என்ற பிரெஞ்சு மருத்துவர் இதை விவரித்தார். நம் உடம்பில் ஒருவகைக் கொழுப்பை உடைக்க ஒரு நொதி, அதாங்க என்சைம், வேண்டும். அதற்கான மரபணு பிறவியிலேயே பழுதாக இருந்தால், கொழுப்பு உடையாமல் மண்ணீரல், கல்லீரல், எலும்பு மஜ்ஜையில் சேர்ந்துகொண்டே போகும். வயிறு வீங்கும், ரத்தசோகை வரும், எலும்பு வலிக்கும். சின்னக் குழந்தைகளுக்கும் வரும். நொதியை 2 வாரத்துக்கு ஒருமுறை, ஆயுள் முழுக்க, நரம்பு வழியாக ஏற்றிக்கொள்வது ஒரு முக்கிய சிகிச்சை.

நொதிக்கு எங்கே போவது?

1991இல் வந்த முதல் மருந்தை, பிரசவத்துக்குப் பின் விழும் நஞ்சிலிருந்து எடுத்தார்கள். ஒரே நோயாளிக்கு ஒரு வருஷத்துக்கு ஆயிரக்கணக்கான நஞ்சு தேவைப்பட்டது! பிறகு ஹாம்ஸ்டர் என்ற எலி வகையின் செல்லில் தயாரித்தார்கள். ஆனா 2009இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரத் தொழிற்சாலையில், செல் வளர்க்கும் தொட்டிக்குள் வைரஸ் புகுந்துவிட்டது. உற்பத்தி நின்றது. மருந்துக்குத் தட்டுப்பாடு. நோயாளிகள் பாவம், என்ன செய்வார்கள்?

கேரட் கை கொடுத்தது

இஸ்ரேல் நாட்டின் புரோட்டாலிக்ஸ் நிறுவனம், மனித நொதிக்கான மரபணுவைக் கேரட் செல்லுக்குள் வைத்தது. மரபணு என்பது சமையல் குறிப்பு மாதிரி. குறிப்பைக் கொடுத்தால் கேரட் செல்லும் அந்த நொதியைச் சமைத்துவிடும்! இந்தச் செல்களை வயலில் வளர்ப்பதில்லை. பெரிய பிளாஸ்டிக் பைகளில் சத்து நீர் ஊற்றி வளர்க்கிறார்கள். விலங்குகளைத் தாக்கும் வைரஸ் தாவரச் செல்லில் வளராது என்பது கூடுதல் நன்மை. 2012 மே மாதம் அமெரிக்க அரசு அனுமதி கொடுத்தது. மரபணு மாற்றிய தாவரச் செல்லில் தயாரித்து, மனிதருக்காக அங்கே அனுமதி பெற்ற முதல் மருந்து இதுதான்.

"அப்போ தினமும் கேரட் பொரியல் சாப்பிட்டா போதுமாடி?" என்று என் தோழி கேட்டாள். போதாது! கடைக் கேரட்டில் அந்த மரபணு கிடையாது. இருந்தாலும், நொதி ஒரு புரதம். வயிற்றுக்குள் போனால் செரித்துவிடும். அதனால்தான் ஊசி.

ஆனால் கவனம்!

எல்லோரும் பைக்குள்ளேயே வளர்ப்பதில்லை. அமெரிக்காவில் நெப்ராஸ்கா மாநிலத்தில் பன்றிகளுக்கான தடுப்பு மருந்துக்காக மரபணு மாற்றிய மக்காச்சோளம் பயிரிட்டார்கள். அடுத்த பருவத்தில் அதே வயலில் சோயா விதைத்தபோது, சிந்திக் கிடந்த சோளம் தானாக முளைத்து அறுவடையில் கலந்துவிட்டது. அது கிடங்குக்கும் போய்ச் சேர்ந்ததால், 2002இல் சுமார் 5 லட்சம் புஷல், அதாவது 13,000 டன்னுக்கு மேல் சோயாவை அழிக்க வேண்டியதாயிற்று. நல்லவேளை, அது சாப்பாட்டுத் தட்டுக்கு வரவில்லை.

மருந்து வேறு, உணவு வேறு. இரண்டும் கலக்காமல் பார்த்துக்கொண்டால் செடியும் ஒரு மருந்துத் தொழிற்சாலைதான்! சாப்பிடும் பயிரில் மருந்து தயாரிக்கலாமா, சாப்பிடாத செடியில் மட்டும்தான் தயாரிக்கணுமா? நீங்களே யோசித்துப் பாருங்கள். அறிவியல் பாடவேளையில் பேசுவோம்!

– 10ஆம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி