எழும்ப மறுக்கும் கணினி

மடிக்கணினியின் பொத்தானை அழுத்துகிறோம். வழமையான வரவேற்புத் திரையைக் காணோம். கறுப்புத் திரையில் "கிரப் ரெஸ்கியூ" என்ற இரண்டு சொற்கள் மட்டும் நிற்கின்றன. அடுத்த வாரம் ஒப்படைக்க வேண்டிய செயற்றிட்டமோ உள்ளே இருக்கிறது. திருத்தும் கடைக்குக் கொண்டு போனால், "ஃபோமட் பண்ணித்தான் தரலாம்" என்று சொல்லிவிடுவதும் உண்டு. அதற்குத் தலையாட்டினால் மூன்று வருடக் குறிப்புகளும் குடும்பப் படங்களும் போய்விடும். ஆனால் சகோதரிகளே, இந்தக் கோளாறினால் மட்டும் அவற்றில் ஒன்றுகூட அழிவதில்லை.

ஹெந்தளையில் இருப்பவர்களுக்கு இதை விளக்க ஹமில்டன் கால்வாய் போதும். பாலம் உடைந்தால் அக்கரைக்குப் போக முடியாது. அதற்காக அக்கரையிலுள்ள வீடுகள் இடிந்துவிட்டன என்று யாரும் சொல்வதில்லை. பாலத்தைத்தான் திருத்த வேண்டும்.

கணினியில் அந்தப் பாலத்தின் பெயர் பூட்லோடர். மின்சாரம் வந்ததும் தாய்ப்பலகையிலுள்ள பயோஸ் அல்லது யூ.ஈ.எஃப்.ஐ. என்ற நிரல் முதலில் விழிக்கிறது. அது பூட்லோடரைத் தேடி எழுப்புகிறது. பூட்லோடர் லினக்ஸின் கேர்னலை நினைவகத்துக்கு ஏற்றுகிறது. அதன் பிறகே பணிசெயல் முறைமை இயங்கத் தொடங்குகிறது. லினக்ஸில் பெரிதும் பயன்படும் பூட்லோடர் கிரப். 1995இல் எரிக் போலின் என்பவர் அதை எழுதத் தொடங்கினார்.

பழைய கணினிகளில் வன்தட்டின் முதல் 512 பைட்டுகளில் பூட்லோடரின் ஆரம்பப் பகுதி இருக்கும். அதிலும் நிரலுக்கென ஒதுக்கப்பட்டவை 446 பைட்டுகளே. புதிய கணினிகளில் ஃபெட்32 வடிவிலுள்ள ஒரு சிறிய பிரிவில் அது வைக்கப்படுகிறது. எப்படியாயினும் நமது கோப்புகள் இருப்பது வேறிடத்தில்.

இந்தப் பாலம் பல வழிகளில் உடையலாம். லினக்ஸ் இருக்கும் கணினியில் விண்டோஸை மீண்டும் நிறுவினால் அது தன் பூட்லோடரை முன்னே வைத்துக்கொள்ளும். வன்தட்டின் பிரிவுகளை மாற்றும்போது கிரப் தன் கோப்புகளைத் தொலைத்துவிடலாம். புதுப்பித்தலின் நடுவே மின்சாரம் போனாலும் இதே கதிதான். 2022இன் மின்வெட்டுகளைக் கண்ட நமக்கு அதை விளக்கத் தேவையில்லை. 2024 ஓகஸ்ட்டில் மைக்ரோசொஃப்ட் வெளியிட்ட ஒரு பாதுகாப்புப் புதுப்பிப்பு, பழைய பூட்லோடர்களைச் செல்லுபடியற்றவையாக்கியது. இரண்டு முறைமைகளையும் சேர்த்து வைத்திருந்த பல கணினிகள் உலகெங்கும் லினக்ஸைத் திறக்க மறுத்தன. "ஏதோ பாரதூரமாகப் பிழைத்துவிட்டது" என்ற பொருளில் ஒரு செய்தியும் திரையில் வந்தது. அப்போதும் அவற்றின் கோப்புகள் அப்படியே இருந்தன.

திருத்துவதற்கு வேண்டியவை 8 ஜி.பி. பென் டிரைவ் ஒன்றும், இயங்கும் வேறொரு கணினியும். உபுண்டு போன்ற ஒரு லினக்ஸை இறக்கி, ரூஃபஸ் போன்ற மென்பொருளால் பென் டிரைவில் எழுத வேண்டும். அதில் முன்பிருந்தவை அழிந்துவிடும் என்பதை மறவாதீர்கள். இப்படி எழுதிய லினக்ஸ், வன்தட்டைத் தொடாமல் பென் டிரைவிலிருந்தே இயங்கும். இதையே லைவ் முறை என்கிறோம். நம் நாட்டில், ஃபெடோராவைத் தழுவி உருவான ஹந்தான லினக்ஸும் இவ்வாறு இயங்கக்கூடியதே.

பழுதான கணினியில் பென் டிரைவைச் செருகி, எஃப்12, எஃப்9 அல்லது எஸ்கேப் விசையை அழுத்தினால் பூட் பட்டியல் வரும். எந்த விசை என்பது கணினிக்குக் கணினி மாறுபடும். உபுண்டு வந்ததும் "நிறுவு" என்பதைத் தொடாமல் "முயன்று பார்" என்பதைத் தெரிவு செய்யுங்கள்.

முதல் வேலை, வன்தட்டைத் திறந்து முக்கியமான கோப்புகளை வேறொரு பென் டிரைவுக்குப் பிரதி செய்வது. அதன் பின் பதற்றத்துக்கு இடமில்லை.

இரண்டாவது, லினக்ஸ் உள்ள பிரிவை இனங்காண்பது. "டிஸ்க்ஸ்" என்ற செயலி பிரிவுகளை அளவோடு காட்டும். பெரும்பாலும் ஈ.எக்ஸ்.டி.4 என்று குறிக்கப்பட்டிருப்பதே லினக்ஸ் பிரிவு.

மூன்றாவது, டேர்மினலில் அந்தப் பிரிவை மவுண்ட் செய்து, அதனுள்ளே பூட்லோடருக்குரிய சிறிய ஃபெட்32 பிரிவையும் உரிய இடத்தில் இணைப்பது. வன்பொருளைக் காட்டும் டெவ், ப்ரொக், சிஸ் ஆகிய கோப்புறைகளையும் அதனுடன் பிணைக்க வேண்டும். அடுத்து சேஞ்ச் ரூட் கட்டளையால் பழுதான லினக்ஸுக்குள் நுழைகிறோம். இப்போது பென் டிரைவில் நின்றுகொண்டே வீட்டுக்குள் வேலை செய்கிறோம். "கிரப் இன்ஸ்டோல்" கட்டளை பூட்லோடரை மீண்டும் பதிக்கும். "அப்டேட் கிரப்" பட்டியலைப் புதிதாக எழுதும். வெளியேறி, பென் டிரைவைக் கழற்றி, மீள ஆரம்பித்துப் பார்க்கலாம். டேர்மினலுக்குத் தயங்குபவர்கள் "பூட் ரிப்பேர்" என்ற செயலியால் இதையே சில சொடுக்குகளில் செய்யலாம்.

மூன்று எச்சரிக்கைகள். பழைய பயோஸ் கணினியில் கிரப்பை முழு வன்தட்டின் பெயருக்கே பதிக்க வேண்டும்: எஸ்.டி.ஏ. என்பது வன்தட்டு, எஸ்.டி.ஏ.1 அதன் முதல் பிரிவு. செக்கியூர் பூட்டை அணைப்பதற்கு முன், விண்டோஸில் பிட்லொக்கர் இருந்தால் அதன் மீட்புச் சாவியைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். லைவ் முறையில் வன்தட்டே தென்படாவிட்டால், அல்லது அதிலிருந்து டிக் டிக் என்ற ஓசை வந்தால், பழுது பூட்லோடரில் இல்லாமல் வன்தட்டிலேயே இருக்கலாம். அப்போது மேலும் முயலாமல், தரவு மீட்பதில் தேர்ந்தவரிடம் கொடுப்பதே நல்லது.

இதற்குப் பட்டமோ விலையுயர்ந்த கருவியோ தேவையில்லை. ஐ.சி.டி. பாடத்தில் படிக்கும் கோப்புறை, வன்தட்டுப் பிரிவு என்பனவற்றையே இங்கு கையால் தொட்டுப் பார்க்கிறோம். தம்பியோ நானாவோ வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். அலுமாரியில் ஒரு லைவ் பென் டிரைவை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். யாராவது "ஃபோமட்" என்று சொன்னால், "கோப்புகளை எடுத்துப் பார்த்தீர்களா?" என்று முதலில் கேளுங்கள்.